கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு கை

அன்புள்ள ஜெரோம்,

நேற்று காலைப் பூசையில் மூன்றாவது ஓலையையும் வாசித்துவிட்டார்கள். நண்பர்களுக்குப் பத்திரிகை கொடுக்க நீ பெங்களூர் போயிருந்ததால் இதைப் பார்க்கவில்லை. முந்தைய இரண்டு ஞாயிறுகளைப் போலவே உன் பெயர், மைதிலியின் பெயர், பெற்றோர் பெயர்கள் எல்லாவற்றையும் சாமியார் மைக்கில் நிதானமாகப் படித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால் பங்குக் குருவிடம் சொல்ல வேண்டும் என்று முடித்தார். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தை இருமியது. யாரும் எழுந்திருக்கவில்லை. சிறு வயதிலிருந்து எத்தனையோ பேருடைய கல்யாண ஓலையைக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என் மனம் எப்போதும் மதியச் சமையலுக்குப் போய்விடும். அந்தச் சில நொடிகள் எவ்வளவு நீளம் என்று நேற்றுதான் தெரிந்தது. மறைக்கல்வி வகுப்பின் நேரம் மாறியிருக்கிறது என்று அடுத்த அறிவிப்பு தொடங்கிய பிறகுதான் மூச்சை விட்டேன். உன் அப்பா என் பக்கம் சாய்ந்து, "இன்னா டீச்சர், எவனாச்சும் எந்திரிப்பான்னு பயந்துட்டியா?" என்றார். அதுவரை அவர் முழங்காலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வெளியே வரும்போது பார்த்தால், கடைசி பெஞ்சில் மைதிலியின் அப்பா. வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் வழக்கமான திருமண். தன் பெண்ணின் பெயரை எங்கள் கோயிலில் வாசிப்பதைக் கேட்க அடையாறிலிருந்து தனியாக வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் விட்ட செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "யாரும் ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"இல்ல சார். சொல்ல மாட்டாங்க."

"மூணு வாரம் டைம் குடுக்கறேள். நல்ல ஏற்பாடு. எங்க ஆபீஸ்ல இவ்வளவு குடுக்க மாட்டா." செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அன்னிக்கு அவன் கையில என்ன சீட்டு இருந்தது?"

"கோயில்ல வெச்சு சீட்டைப் பத்திக் கேக்கறீங்களே சார்."

"அதான் வெளியில வந்துட்டோமே!"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கோயில் படியில் நின்று சம்பந்தியிடம் சொன்ன முதல் பொய். அதனால்தான் இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று கைப்பேசியைப் பார்ப்பாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது. சனிக்கிழமைக்குப் பிறகு நீ வேறு வீட்டுக்காரன். அதற்குள் அந்த மதியத்தைப் பற்றி நீ அறியாத சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

நீ எங்களுக்கு போக்கர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, ஆளுக்கு ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலை. கடலைதான் காய். பாதி ஆட்டத்தில் உன் அப்பாவின் கிண்ணம் காலியாகிவிட்டது. தோற்று அல்ல, தின்று. "ஆட்டத்துல சொத்தைத் தின்னக் கூடாதுன்னு ரூல் இல்லியே நைனா" என்றார். நீ தலையில் அடித்துக்கொண்டாய். நான் மட்டும் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன், ஆசையால் அல்ல. நீ லீவு போட்டுவிட்டு கோவாவுக்குப் போய் ஆடும் இந்த விஷயம் என்ன என்று தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படலாம் என்றுதான்.

அன்று எனக்குக் கடைசியாகப் புரிந்தது ஒன்று உண்டு. என்னிடம் ஒரு ஜோடி இருந்தது. நீ எல்லாக் கடலையையும் நடுவில் தள்ளினாய். நான் கொஞ்சம் முன்னால் இருப்பதாக எனக்குத் தோன்றியது, அதனால் நானும் தள்ளினேன். நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாய். "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? இப்பதானே ஆரம்பிச்சோம்?"

"நான்தானே முன்னால இருக்கேன்?"

"கொஞ்சம்தான் முன்னால. இன்னும் நடுவுல அஞ்சு சீட்டு விழணும், கிட்டத்தட்ட காசு சுண்டற மாதிரிதான். போட்டியில காய் போனா திரும்ப வாங்க முடியாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜெயிச்சா காய் ரெண்டு மடங்கு ஆகும், ஆனா ஜெயிக்கிற வாய்ப்பு ரெண்டு மடங்கு ஆகாது. ஆரம்பத்துல போற காய்க்கு மதிப்பு அதிகம், வர்ற காய்க்கு கம்மி."

"அப்போ பயந்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணுமா?"

"அதுவும் தப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கட்டியே ஆகணும். அந்தக் கட்டும் போகப் போக ஏறும். எல்லாத்தையும் விட்டுக்கிட்டே இருந்தா கரைஞ்சு போயிடுவோம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் பின்னாடி வரும்னு நம்பிக்கை இருந்தா இதை விடலாம். மேசையில எல்லாரும் நம்மளவிட கெட்டிக்காரங்கன்னா, கிடைக்கிற சின்ன அனுகூலத்தையே எடுத்துக்கணும்."

அப்போது தலையாட்டினேன். பரீட்சைக்குப் படித்தது போலப் புரிந்தது. உடம்புக்குப் புரிய இன்னும் சில மாதங்கள் ஆயின.

ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையில் மைதிலியின் அப்பாவை நீ முதல்முறை சந்தித்தபோது அவர் எல்லாவற்றையும் கேட்டார், நீயும் எல்லாவற்றையும் சொன்னாய். மென்பொருள் வேலை, சம்பளம், கண்ணாடியின் பவர், கடைசியில் போக்கர். நீ வீட்டுக்கு வந்து சொன்னதும் நான் கத்தினேன். "அதை எதுக்குடா சொன்னே? கிரிக்கெட் பிடிக்கும்னு சொல்லக் கூடாதா?" நீ சிரித்தாய். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "சீட்டாடற பையன் வேண்டாம். எங்க ஆத்துல சீட்டுக்கட்டே கிடையாது." மைதிலி அதை அப்படியே உன்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்றும், வேறு யாரையும் செய்துகொள்ள மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். நீ சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோன நாட்கள் அவை.

நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் முடிவு கட்டிவிட்டேன். சரித்திர ஆசிரியை நான். விடைத்தாளின் முதல் பத்தியைப் படித்ததுமே மதிப்பெண் என் மனதில் விழுந்துவிடும், பெரும்பாலும் அதேதான் கடைசியிலும் வரும். இந்த மனிதரின் விடைத்தாளும் எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்தேன். மயிலாப்பூர் மாடவீதியில் பிறந்து வளர்ந்தவர், நெற்றியில் திருமண், பெண் காட்டும் பையனோ சாந்தோம் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவன். மதம் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம், கையில் கிடைத்தது சீட்டு. இவ்வளவுதான் விஷயம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "உனக்கு எப்டித் தெரியும்?" என்றார். "தெரியும்" என்றேன். பாதிக்கு மேல் நிச்சயம் இருந்தது, முழு நிச்சயம் இல்லை. அந்த வித்தியாசத்தை நான் கவனிக்கவில்லை.

அதற்குள் மைதிலி அவர்கள் அடுக்ககத்தின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்தாள். "சும்மா வாங்க ஆன்ட்டி. வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும்." நீ சந்தோஷப்பட்டாய். நான் வேறொரு காரணத்துக்காகக் கிளம்பினேன். அது உனக்கு இதுவரை தெரியாது. அவரை நேருக்கு நேர் பார்த்ததும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று தயார் செய்துவைத்திருந்தேன். "சார், உங்க பிரச்சினை சீட்டு இல்லை, சிலுவை. அதை நேராச் சொல்லிடுங்க, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்க வேண்டாம்." நன்றாகச் செதுக்கிய வாக்கியம். ஆட்டோவில் அடையாறு பாலம் ஏறும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா, "உதடு அசையுது, ஜெபமா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

கார்களை எல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம், ஒரு பக்கம் மைக்கில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். தூண் ஓரமாக இரண்டு மேசைகளில் கல்லூரிப் பிள்ளைகள் போக்கர் போட்டி ஏற்பாடு செய்திருந்தார்கள். காசு கிடையாது, பிளாஸ்டிக் காய்தான். முதல் பரிசு பிரஷர் பேன். நீ பெயர் கொடுத்தாய். "வேணாம்டா, அவர் பாக்கிறாரு" என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தெரிஞ்ச விஷயம்தானேம்மா, ஒளிச்சா இன்னும் தப்பா இருக்கும்" என்றாய். அப்போதுதான் சங்கச் செயலாளர் மைக்கில் கூப்பிட்டார். "ஒரு ஆள் குறையுது சார்! ரங்கநாதன் சார், நீங்கதான் சும்மா நிக்கிறீங்க, வாங்க சார். எல்லாம் பிளாஸ்டிக்கு, பாவம் ஒட்டாது!" எல்லோரும் சிரித்தார்கள். மைதிலியின் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து, உனக்கு நேரெதிரே உட்கார்ந்தார். மைதிலி என் காதில், "ஒரு மாசமா இந்த ஆட்டத்தைப் பத்தி நெட்ல படிச்சிண்டிருக்கார் ஆன்ட்டி. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார்" என்றாள். பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். அவர் மேல் வைத்திருந்த கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வெகுநேரம் அவர் எதுவுமே ஆடவில்லை. சீட்டை ஓரமாகத் தூக்கிப் பார்ப்பார், கீழே வைப்பார், தள்ளிவிடுவார். பக்கத்திலிருந்த பையன் ஒருவன், "மாமா, கொஞ்சம் விளையாடுங்க, சீட்டு பூஞ்சை பிடிச்சிரும்" என்றான். அவர் சிரிக்கவில்லை. நான் கையில் காகிதத் தட்டும் அதில் ஒரு வடையுமாக அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த முறை சீட்டு வந்ததும் அதைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். இரண்டு கையாலும் தன் காய் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நீ மட்டும் மிச்சம்.

நான் நின்ற இடத்திலிருந்து அவர் சீட்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஹார்ட்டின் ஆஸ், ஸ்பேடு ராஜா. பெரிய சீட்டுகள்தான், ஆனால் ஜோடி இல்லை. உன்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் முகத்தைத்தான் பார்த்தேன். நல்ல சீட்டு வந்தால் நீ கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாய், மூன்று வயதில் ஐஸ்கிரீம் வண்டிச் சத்தம் கேட்டதிலிருந்து அப்படித்தான். இழுத்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் ஜோடி இருக்கிறது, நீ முன்னால் இருக்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்குள் இருந்த தாய் எவ்வளவு கேவலமானவள் தெரியுமா! ஆடு, அவரை எழுப்பி அனுப்பு, எல்லோரும் பார்க்கட்டும் என்று மனம் கத்தியது. வடை தட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

நீ உன் சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டாய். "நீங்க எடுத்துக்குங்க அங்கிள்."

அவர் காயைத் தொடவில்லை. "எனக்காக விட்டுக்குடுத்தியா? அப்படின்னா எனக்குப் பிடிக்காது. சொல்லிட்டேன்."

"இல்ல அங்கிள். வேற யார் தள்ளியிருந்தாலும் விட்டிருப்பேன்."

"என்ன வெச்சிருந்தே?"

"சொல்ல மாட்டேன்." மேசை முழுவதும் சிரித்தது. நீயும் சிரித்துவிட்டுச் சொன்னாய். "நல்ல சீட்டுதான் அங்கிள். ஆனா நீங்க இவ்வளவு நேரமா ஒண்ணுமே ஆடல. அப்படிப்பட்டவர் திடீர்னு எல்லாத்தையும் தள்றீங்கன்னா, ஒண்ணு நான் ரொம்பப் பின்னால இருக்கேன், இல்லன்னா கொஞ்சூண்டு முன்னால இருக்கேன். அந்தக் கொஞ்சத்துக்காக, இன்னும் பாதி ஆட்டம்கூட ஆகாதப்போ எல்லாத்தையும் வைக்கணுமா?"

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான். காயை இழுத்து அழகாக அடுக்கிக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். தூணுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவர் மட்டும். கிளம்பும்போதே நான் வேண்டிக்கொண்ட இடம். வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் நீ சொன்னது காதிலேயே இருந்தது. இந்த மனிதரை எனக்கு ஒரு மணி நேரமாகத்தான் தெரியும். நான் நினைப்பது சரியாக இருந்தால், சொல்லி எனக்கு என்ன கிடைக்கும்? அவர் தலைகுனிவார், எனக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான். தப்பாக இருந்தால்? உன்னுடையதும் மைதிலியுடையதுமான எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தோடு போய்விடும். என்னுடையதுகூட இல்லாத காயை நான் நடுவில் தள்ளப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். "சார், மோர்மிளகாய் வேணுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்று தட்டை நீட்டினார். தயிர்சாதத்தைப் பார்த்தபடியே பேசினார். "நான் இன்ஷூரன்ஸ்ல அண்டர்ரைட்டரா இருந்தேன் டீச்சர். வர்ற அப்ளிகேஷனைப் படிச்சு, இந்த ரிஸ்க்கை எடுக்கலாமா வேண்டாமான்னு சொல்ற வேலை. எடுக்கலாம்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் வருவான், வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். சீட்டாடறவன்னா கை நிக்காதுன்னு நெனச்சேன். இவன் நல்ல சீட்டை வெச்சிண்டு விட்டுட்டானே." மோர்மிளகாயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கப்படாது."

இதோ வருகிறது என்று நினைத்தேன். தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"கல்யாணம் உங்க கோயில்ல நடந்தா, நானும் ஆத்துக்காரியும் எங்க உக்காரணும்? முன்னாடி பெஞ்சா, பின்னாடியா? எழுந்துக்கறதும் உக்காரறதும் முட்டி போடறதுமா இருப்பேளாமே. நாங்களும் எழுந்துக்கணுமா? இதைத்தான் முதல்லேர்ந்தே யோசிச்சிண்டிருக்கேன், யாரைக் கேக்கறதுன்னு தெரியலை."

முதலிலிருந்தே! நான் அவருக்கு மதிப்பெண் போட்டு முடித்த அந்த நாட்களில், அந்த மனிதர் எங்கள் கோயிலில் எந்த பெஞ்சில் உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். சீட்டு என்று அவர் சொன்னது சீட்டைத்தான். "முன்னாடிதான் சார். முதல் பெஞ்சு. நான் எழுந்திருக்கும்போது நீங்களும் எழுந்திருங்க, போதும்" என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா ஓடி வந்து, "இன்னாச்சு, வெயிலா?" என்றார். வெயில் அங்கே எங்கிருந்து வரும். நிம்மதி உடம்பை இப்படி அடித்துப் போடும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தது. அவர் சீக்கிரமே வெளியேறினார். உனக்கு இரண்டாம் பரிசு, அந்தப் பச்சை வாளி. அது இன்னும் நம் குளியலறையில்தான் இருக்கிறது, புது வீட்டுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போ. திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், நீ சொன்னாய். ஜாக்கி ஜோடி. ஆக அவர் கையும் உன் கையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவர் சீட்டை நான் பார்த்ததை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ முன்னால்தான் இருந்தாய், கண்ணா. கொஞ்சம் முன்னால். உனக்கு அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நீ விட்டது சரி. எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தாலும் சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம், போன வாரம் தி.நகரில் கோட் எடுக்கப் போனது. நீ கறுப்பு என்றாய், மைதிலி நீலம் என்றாள். "சனிக்கிழமை நீ மாப்பிள்ளையா, வக்கீலா?" என்று அவள் கேட்டதும் கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். உன் கழுத்து விறைத்தது. போடப்போகிறவன் நீ, உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது. நீ ஒரு நிமிஷம் கோட்டைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, "சரி, நீலம்" என்றாய். எனக்கு அங்கேயே உன்னைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கல்யாணத்தின் முதல் வருஷங்களில் இப்படிப்பட்ட கைதான் அதிகம் வரும். பால் எந்த அடுக்கில், ஞாயிறு யார் வீட்டில், எந்தப் பக்கம் விளக்கு. நீ கொஞ்சம் சரியாக இருப்பாய், அவளும் கொஞ்சம் சரியாக இருப்பாள். அந்தக் கொஞ்சத்துக்காக மொத்தத்தையும் நடுவில் தள்ளாதே. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் உன் ஸ்டெல்லா அத்தை என்னைக் கேட்காமலே கோயில் திருவிழாவுக்கு நான் பலகாரம் செய்து தருவதாகப் பங்கு மன்றத்தில் வாக்குக் கொடுத்துவிட்டாள். தப்பு அவள் பக்கம்தான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதைப் பெண்கள் எல்லோரும் நிற்கும்போது மன்றத்து நடுவிலேயே சொன்னேன். நான் ஜெயித்தேன். பலகாரம் செய்யவில்லை. உனக்கு ஞானத்தாயாக இருக்க வேண்டியவள் உன் ஞானஸ்நானத்துக்கே வரவில்லை. அவள் திரும்ப நம் வீட்டுக் காபியைக் குடித்தபோது நீ ஓடி விளையாடிக்கொண்டிருந்தாய்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் விட்டுக்கொண்டே இருக்கலாம் என்றும் நினைக்காதே. உன் அப்பாவைப் பார். அவரைவிட நல்ல மனிதரை எனக்குத் தெரியாது. ஆனால் வேளாங்கண்ணிக்கு நடந்தே போக வேண்டும் என்பது அவருடைய வாலிபக் கால ஆசை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் துறைமுகத்தில் யாருக்காவது லீவு தேவைப்படும், இவர் தன் லீவை விட்டுக்கொடுப்பார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமானதுதான். இப்போது முழங்கால் விடுவதில்லை. போன வருஷம் ரயிலில் போனோம். கொடியேற்றத்துக்கு நடந்து வந்தவர்கள் வெடித்த காலோடு வரிசையில் நிற்பதை அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கட்டு ஏறும் என்றாயே, அதுதான் அது. அதனால் விடுவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளாதே. விட்டதை எண்ணியும் வைத்துக்கொள்ளாதே. இதைவிட முக்கியமானது ஒன்று பின்னால் வரும் என்று நம்பித்தான் விடுகிறோம். அது வரும்போது கை நடுங்கக் கூடாது. யாராவது மைதிலியை அவள் சாமியை வைத்தோ அவள் வீட்டை வைத்தோ குறைத்துப் பேசும் நாள் ஒன்று வரலாம். பேசுகிறவள் நானாகவே இருந்தாலும், அன்றைக்கு நீ சீட்டைக் கவிழ்க்கக் கூடாது. இருப்பதை எல்லாம் வை. எதிரில் உட்கார்ந்திருப்பது உன் அம்மா என்று பார்க்காதே.

இன்று மாலை கடற்கரைப் பக்கமிருந்து காற்று நன்றாக வருகிறது. உன் அப்பா வாசலில் தொடர்விளக்குக் கட்டுகிறவரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார். "சிவப்பு வேணாம்பா, கட்சி ஆபீஸ் மாரி கீது" என்கிறார். அவர் சொல்வது கொஞ்சம் சரிதான். விடமாட்டார் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

ஒரு வேலை சொல்கிறேன், செய். இதைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துக்கொள்ளாதே. அப்படியே கொண்டுபோய் உன் மாமனாரிடம் கொடு. அவருக்குத் தெரிய வேண்டியது ஜாக்கி ஜோடி என்கிற இரண்டே சொல்தான், அதை நீயே வாயால் சொல்லிவிடலாம். ஆனால் நான் அவரைப் பற்றி என்ன நினைத்திருந்தேன், என்ன வாக்கியத்தோடு அந்த ஆட்டோவில் ஏறினேன் என்பதையும் அவர் படிக்க வேண்டும். படித்துவிட்டு வருத்தப்படலாம், சிரிக்கலாம், சனிக்கிழமை முதல் பெஞ்சில் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கலாம். தெரியவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த மனிதரை இப்போது எனக்குத் தெரியும். இந்த முறை அனுகூலம் கொஞ்சமல்ல, நிறைய. அதனால் எல்லாவற்றையும் நடுவில் வைக்கிறேன்.

உன் அம்மா